போர் நடக்கும் மண்ணில் களவு போகும் சிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் நடக்கும் நாட்டில் முதலில் காப்பாற்ற வேண்டியது உயிர்களைத்தான். அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் ஊர் திரும்பும்போது கோயிலில் வெறும் பீடம் மட்டும் நின்றால், சிலை போன வழியைக் கண்டுபிடிக்க நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த வழியைப் பற்றித்தான் இந்தப் பக்கம். ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தான் பற்றியும் வரும் என்றாலும், கம்போடியாவின் கோ கேர் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். யார் வெட்டினார்கள், யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள், எப்படித் திரும்பியது என்று ஆதியோடந்தமாக வெளியே தெரிந்த கொள்ளை அது. இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான்: விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரை காவலாளியால் மட்டும் ஒரு சிலையையும் காப்பாற்ற முடியாது என்று நம்புகிறேன்.

கோ கேர் எங்கே இருக்கிறது? அங்கே என்ன நடந்தது?

கம்போடியாவின் வடபகுதியில், அங்கோர் கோயில்கள் உள்ள சியம் ரீப்புக்கு வடகிழக்கே, காட்டுக்குள் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மன் பழைய கம்போடிய அரசான கெமர் அரசின் தலைநகரை அங்கே கொண்டுபோனான். 928 முதல் 944 வரை, இருபது ஆண்டுகூட முழுதாக இல்லை, அதுதான் தலைநகர். லிங்கபுரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஏழு அடுக்குப் பிரமிடு ஒன்றும் ஏராளமான கோயில்களும் அதற்குள் எழுந்துவிட்டன. 2023-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கோர் போனவர்கள் சுவரில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களைப் பார்த்திருப்பார்கள். கோ கேர் சிற்பிகள் வேறு மாதிரி. சுவரை விட்டு வெளியே வந்து, நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி, அசைவோடு இருக்கும் ஆளுயர மணற்கல் சிலைகளைச் செய்தார்கள். பிரசாத் சென் என்ற கோயிலின் மேற்கு வாயிலில் ஒன்பது சிலைகள் கூட்டமாக இருந்தன. பாரதக் கதையின் கடைசிக் கதாயுத்தம் அது. நடுவில் துரியோதனனும் பீமனும் மோதுகிறார்கள். பலராமனும் பாண்டவர்களும் சுற்றியிருந்து பார்க்கிறார்கள். துரியோதனன் முழங்காலை மடக்கி, உடலை முறுக்கி, எம்பப் போகிறான். தொடையில் அடி விழுவதற்கு முந்தைய கணம். கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கு வாயிலில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். அந்த இணை புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1970-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. காடு முழுக்க ஆயுதக் குழுக்கள், பின்னாளில் கண்ணிவெடிகள். 1972 வாக்கில் மேற்கு வாயிலின் சிலைகளைக் கணுக்காலோடு அறுத்து எடுத்துவிட்டார்கள். மாட்டுவண்டியில் ஏற்றி தாய்லாந்து எல்லை, அங்கிருந்து பாங்காக், அப்புறம் லண்டன். துரியோதனன் 1975-ல் லண்டனில் விற்கப்பட்டான். பீமன் 1976-ல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்துக்குப் போனான். பாதங்கள் மட்டும் பீடத்தோடு காட்டிலேயே நின்றன.

அந்தப் பாதங்கள் ஏன் அவ்வளவு முக்கியம்?

திருட்டுச் சிலை வழக்கில் கடினமான வேலை, இது இன்ன இடத்திலிருந்துதான் போனது என்று நிரூபிப்பது. ‘இதே மாதிரி சிலைகள் நிறைய இருக்கின்றன’, ‘எங்கள் குடும்பத்தில் பல தலைமுறையாக இருக்கிறது’ என்று சொல்லித் தப்பிக்கலாம். பீடத்தில் நிற்கும் பாதமும் அருங்காட்சியகத்தில் நிற்கும் முழங்காலும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. பிரெஞ்சு ஆய்வாளர் எரிக் பூர்தோனோ இந்தப் பீடங்களை ஆராய்ந்து, எந்தச் சிலை எங்கே நின்றது என்று அந்தக் காட்சியையே மறுபடி அமைத்துக் காட்டினார்.

2011 மார்ச்சில் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் துரியோதனனை ஏலத்துக்கு வைத்தது. எதிர்பார்த்த விலை 20 முதல் 30 லட்சம் டாலர். ஏலத்தன்று கம்போடியா யுனெஸ்கோ மூலமாக ஆட்சேபம் தெரிவிக்க, சிலை ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டது. திருப்பித் தரப்படவில்லை. 2012 ஏப்ரலில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சிலையைப் பறிமுதல் செய்யக் கோரி வழக்குப் போட்டார்கள். நிறுவனம் கருத்துக் கேட்ட நிபுணரே, இது பிரசாத் சென்னிலிருந்து திருடப்பட்டது, பாதங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன என்று ஏலத்துக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தார் என்பதை நீதிமன்றத்தில் வைத்தார்கள். தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. 2013 டிசம்பரில் சமரசமாகி, சிலையைத் திருப்பித் தர முடிவானது.

அதற்கப்புறம் கதவு திறந்துகொண்டது. மண்டியிட்ட பரிவாரச் சிலைகள் இரண்டை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2013-லேயே அனுப்பிவிட்டது. 2014-ல் துரியோதனனும், நார்ட்டன் சைமனிலிருந்து பீமனும், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்திடமிருந்து பலராமனும் சேர்ந்து புனோம் பென் வந்தார்கள். 2015-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்திலிருந்து அனுமன்.

மெட்ரோபாலிட்டனில் இருந்த அந்த மண்டியிட்ட சிலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை முழுதாக அங்கே வரவில்லை. தலைகள் 1987-லும் 1989-லும் தனித்தனியாக வந்தன. உடல்கள் 1992-ல் வந்தன. எல்லாம் நன்கொடை. அருங்காட்சியகம் தலையையும் உடலையும் ஒட்டி, தென்கிழக்காசியக் கூடத்தின் வாசலில் இரண்டு பக்கமும் வைத்தது. ஒரே சிலையின் தலையும் உடலும் சில ஆண்டு இடைவெளியில் தனித்தனியாகச் சந்தைக்கு வருகிறது என்றாலே, அது எப்படி உடைந்தது என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா?

பாதம் விட்டுப்போகாத சின்னப் பொருள்களை எப்படி அடையாளம் காண்பது?

எழுத்து இருந்தால் ஓரளவு வழி உண்டு. 2003 மே மாதம் லண்டனில் ஒரு வியாபாரியிடம் போலீஸ் எட்டுப் பொருள்களைக் கைப்பற்றியது. எந்த ஆவணமும் இல்லை. வெகுகாலம் கழித்து அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பார்வைக்கு வந்தன. அவற்றில் மூன்று சுட்ட களிமண் கூம்புகள். பழைய சுமேரியர்கள் கோயில் கட்டும்போது, எந்தத் தெய்வத்துக்கு யார் கட்டியது என்று எழுதி, ஆணி அடிப்பதுபோல சுவரில் செருகும் கூம்புகள் அவை. எழுத்தைப் படித்ததும் தெற்கு ஈராக்கின் கிர்சு நகரில் இருந்த கோயிலின் பெயர் கிடைத்தது. அந்த அருங்காட்சியகத்தின் குழுவே அப்போது அங்கே அகழாய்வு செய்துகொண்டிருந்தது. திருடர்கள் தோண்டிய குழிக்குப் பக்கத்துச் சுவரில் அதே வாசகம் உள்ள கூம்புகள் செருகியபடியே இருந்தன. 2018-ல் எட்டும் ஈராக்கிடம் ஒப்படைக்கப்பட்டன.

எழுத்தில்லாத மணியோ காசோ என்றால் பெரும்பாலும் விதிதான். மண்ணிலிருந்து நேரடியாகத் தோண்டி எடுத்ததற்கு முன்பே எடுத்துவைத்த புகைப்படம் இருக்காது, பதிவேட்டு எண் இருக்காது. அது எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பது போய்விட்டால், பொருள் திரும்பி வந்தாலும் அது சொல்லவேண்டிய வரலாறு திரும்பி வராது.

போர் நடக்கும் இடத்தில் கொள்ளையடிப்பது யார்?

எல்லாத் தரப்பும். கம்போடியாவில் ஆயுதக் குழுக்களும் செய்தன, அரசுப் படையினரும் செய்தார்கள். 1993 பிப்ரவரியில் சியம் ரீப்பில் சிலைகளைப் பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்த அங்கோர் காப்பகத்தையே ஆயுதம் தாங்கிய ஒரு பெருங்கூட்டம் தாக்கிச் சிலைகளை அள்ளிக்கொண்டு போனது. 1998 இறுதியில் பந்தேய் ச்மார் கோயிலில் ராணுவத்தினரே இயந்திரம் கொண்டுவந்து சிற்பச் சுவரின் ஒரு பகுதியைக் கழற்றினார்கள். 117 கற்களோடு ஒரு லாரியைத் தாய்லாந்து போலீஸ் பிடித்ததால் அவை திரும்பின.

பாக்தாத்தில் நடந்தது வேறு. 2003 ஏப்ரலில் நகரம் வீழ்ந்த சில நாட்களுக்குள் ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருள்கள் போயின. சிலது அக்கம்பக்கத்து ஆட்கள் தூக்கியது, சிலது என்ன எடுக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் எடுத்தது. தேடிப்போன அமெரிக்கப் படையின் கர்னல் மேத்யூ பாக்டனோஸ், திருப்பித் தருபவர்களிடம் கேள்வி கேட்கமாட்டோம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பை நம்பி, ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான வார்க்கா ஜாடியை ஜூன் மாதம் உடைந்த துண்டுகளாகக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பாசெத்கி செப்புச் சிலை கழிவுநீர்த் தொட்டியில் கிடைத்தது. போனதில் ஏறக்குறைய பாதி மீண்டது.

சிரியாவில் ஐ.எஸ். அமைப்பு இதை ஒரு துறையாகவே நடத்தியது. தோண்ட அனுமதிச் சீட்டு, கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு வரி, அதற்கு ரசீது. 2015 மே மாதம் அந்த அமைப்பின் முக்கியப் பொறுப்பாளர் ஒருவரின் இடத்தை அமெரிக்கப் படை தாக்கியபோது அந்த ரசீதுகளே கிடைத்தன.

வயிற்றுப்பாட்டுக்குத் தோண்டுகிறவர்களைக் குற்றம் சொல்வது நியாயமா?

அவர்களை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. கோ கேரின் பெரும்பகுதிக் கொள்ளைக்குத் தலைமை தாங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கம்போடிய விசாரணைக் குழு அவருக்கு ‘சிங்கம்’ என்று புனைபெயர் வைத்தது. சிறுவனாக இருந்தபோதே கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டு ஆயுதப் படையில் சேர்க்கப்பட்டவர். அதிலிருந்து தப்பி, காட்டிலும் பழைய கோயில்களிலும் வாழ்ந்து, பிறகு சிலை வெட்டும் கூட்டத்தை நடத்தினார். முதுமையில் மனம் வருந்தி, கலாச்சார அமைச்சகக் குழுவை அந்தந்தக் கோயிலுக்கே அழைத்துப்போய், இந்தப் பீடத்திலிருந்து இந்த ஆண்டு இன்ன சிலையை எடுத்தேன் என்று காட்டினார். கூட்டாளிகள் சிலரையும் பேச வைத்தார்.

அவர் அடையாளம் காட்டியவற்றில் ஒன்று மயில்மேல் அமர்ந்த ஸ்கந்தர், பிரசாத் கிராசாப் கோயிலுடையது. நம் முருகன்தான். 1997-ல், போர் முழுதாக ஓயாத காலத்தில், எடுக்கப்பட்டது. அது அமெரிக்காவில் ஒருவரிடம் இருந்தது. அவர் தாமாகவே விட்டுக்கொடுத்தார். 2022 ஆகஸ்டில் கம்போடியாவிடம் ஒப்படைத்த 30 பொருள்களில் அதுவும் உண்டு. ‘சிங்கம்’ 2021 நவம்பரிலேயே நோயில் இறந்துவிட்டார்.

அவர் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். பள்ளிக்கூடம் பார்க்காத, போரில் வளர்ந்த ஒரு மனிதர் கடைசிக் காலத்தில் முன்வந்து உண்மையைச் சொன்னார். அவரிடமிருந்து வந்ததை விற்று வாழ்ந்த படித்த கூட்டத்திலிருந்து அப்படி எத்தனை பேர் வந்தார்கள்?

அந்தப் படித்த கூட்டம் என்பது யார்?

நடுவில் நின்றவர் டக்ளஸ் லாட்ச்போர்ட். மும்பையில் பிறந்த பிரிட்டிஷ்காரர், பாங்காக்கில் வாழ்ந்தவர். கெமர் கலை பற்றிப் பெரிய புத்தகங்கள் வெளியிட்டார். மெட்ரோபாலிட்டனுக்கு நன்கொடை தந்தார். புனோம் பென் அருங்காட்சியகத்துக்கும் தந்தார். 2008-ல் கம்போடிய அரசே அவருக்கு உயரிய விருது கொடுத்தது. போரில் அழிந்திருக்கவேண்டிய கலையைக் காப்பாற்றிய ரசிகர் என்றுதான் உலகம் அவரைப் பார்த்தது.

2019 நவம்பரில் நியூயார்க் அரசு வழக்கறிஞர்கள் அவர்மீது குற்றச்சாட்டு பதிந்தார்கள். கோயில் கொள்ளைப் பொருள்களை, எங்கிருந்து வந்தது என்பதற்குப் பொய்க் கடிதமும் பொய் விலைப்பட்டியலும் தயாரித்து விற்றார் என்பது குற்றச்சாட்டு. விசாரணைக்கு வருமுன் 2020 ஆகஸ்டில் இறந்துபோனதால் வழக்கு முடிந்தது. அவருடைய மகள் தந்தையின் கம்போடியச் சேகரிப்பு முழுவதையும், நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை, நாட்டுக்கே திருப்பித் தரச் சம்மதித்தார். அழகாக அச்சிட்ட அந்தப் புத்தகங்களின் படங்கள்தான் இன்று தேடுகிறவர்களுக்குத் துப்பு.

2023 டிசம்பரில் மெட்ரோபாலிட்டன் லாட்ச்போர்டோடு தொடர்புள்ள 14 சிற்பங்களைக் கம்போடியாவுக்கும் இரண்டைத் தாய்லாந்துக்கும் திருப்பித் தருவதாக அறிவித்தது.

வெளிநாட்டுக்குப் போனதால்தானே அவை பிழைத்தன? அங்கேயே இருந்திருந்தால் குண்டில் போயிருக்குமே?

இந்தக் கேள்வி எல்லா விவாதத்திலும் வரும். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரசாத் சென் சிலைகள் ஆயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நின்றவை. அவற்றை உடைத்தது குண்டு இல்லை, விற்பதற்காகப் போட்ட உளியும் ரம்பமும். கணுக்கால் அறுபட்டது வண்டியில் ஏற்றுவதற்காக. தலை துண்டானது தலைக்குத் தனி விலை உண்டு என்பதற்காக. சிலையைக் காப்பாற்ற நினைக்கிறவன் காலை வெட்ட மாட்டான்.

காலக்கணக்கும் பொருந்தவில்லை. வாங்குபவர் வரிசையில் நின்றதால்தான் கொள்ளை நடந்தது. லண்டனில் ஒரு தலைக்கு நல்ல விலை கிடைத்தது என்ற செய்தி காட்டுக்கு எட்டியதும் அடுத்த கோயிலில் உளி இறங்கியது. போர் ஓய்ந்து, புனோம் பென்னில் அருங்காட்சியகம் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகும் இருபது முப்பது ஆண்டுகள் இவை திரும்பி வரவில்லை. காப்பாற்ற எடுத்துப்போனவர்கள் என்றால், ஆபத்து நீங்கியதும் அவர்களே கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். நீதிமன்றம்வரை இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

‘நான் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்கி ஒளித்துவிடுவான்’ என்று வாங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பணம் அடுத்த கொள்ளைக்கு முன்பணம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் போர்க்காலத்தில் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாதா?

அனுப்பலாம். உரிமை யாருடையது, எப்போது திரும்ப வேண்டும் என்பது முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராதோ அருங்காட்சியக ஓவியங்கள் 1939-ல் ஜெனீவா போய் அதே ஆண்டு திரும்பின. ஆப்கானிஸ்தான் பொருள்களுக்காக சுவிட்சர்லாந்தின் பூபென்டார்ஃப் ஊரில் ஒரு தற்காலிக அருங்காட்சியகமே நடந்தது. 2007-ல் சுமார் 1,400 பொருள்கள் காபூலுக்குத் திரும்பின.

ஜப்பானில் ஓவியர் இக்குவோ ஹிராயாமா, ஆப்கானிஸ்தானிலிருந்து திருடப்பட்டு ஜப்பானுக்கு வந்துசேர்ந்தவற்றைச் சொந்தம் கொண்டாடாமல் திருப்பித் தருவதற்கென்றே சேர்த்துவைக்க ஏற்பாடு செய்தார். அவர் காலத்துக்குப் பின், 2016-ல், 102 பொருள்கள் திரும்பின. ஆப்கானிஸ்தானில் இருந்த ஐ கானும் என்ற பழைய கிரேக்க நகரின், கிரேக்கக் கடவுள் சியுஸ் சிலையின் இடது பாதம் அவற்றில் ஒன்று. அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கமும் 2015-ல் இப்படி அடைக்கலம் தருவதற்கு வழிமுறை வகுத்தது.

இருந்த இடத்திலேயே காப்பாற்ற முடியுமா?

முடியும், உள்ளூர்க்காரர்கள் மனம் வைத்தால். சிரியாவின் மஆரத் அந்நுமான் ஊரில் ஒரு மொசைக் அருங்காட்சியகம் இருக்கிறது. ரோமானிய, பைசாண்டியக் காலத்துத் தரைச் சித்திரங்கள் சுவரில் பதித்திருந்தார்கள். பெயர்த்தெடுத்துக்கொண்டு போக வழியில்லை. உள்ளூர்த் தன்னார்வலர்கள் சித்திரத்தின்மேல் தண்ணீரில் கரையும் பசையைத் தடவித் துணியை ஒட்டினார்கள். கல் சிதறினாலும் துணியோடு ஒட்டிக்கொண்டு இடம் மாறாமல் நிற்கும். பின்னால் ஈரத்துணியால் துடைத்தால் பசை போய்விடும். அதன் முன்னால் மணல்மூட்டைகளைச் சுவர் உயரத்துக்கு அடுக்கினார்கள். 2015 ஜூனில் குண்டு விழுந்து கட்டடம் சேதமானது. சித்திரங்களில் பெரும்பாலானவை தப்பின. மணலும் பசையும் துணியும்தான் செலவு.

காபூலில் இன்னொரு விதம். வடக்கு ஆப்கானிஸ்தானின் தில்லியா தெபே கல்லறைகளில் 1978-ல் கிடைத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொன் அணிகளை, நிலைமை மோசமானதும் மத்திய வங்கியின் நிலவறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். விஷயம் தெரிந்த ஒருசிலர் உள்நாட்டுப் போரிலும் தாலிபான் ஆட்சியிலும் வாயே திறக்கவில்லை. 2004-ல் பெட்டிகளைத் திறந்தபோது அத்தனையும் இருந்தது.

இந்தக் காவலுக்கு உயிரையே கொடுத்தவரும் உண்டு. சிரியாவின் பழைய நகரமான பல்மைராவின் தொல்லியல் பொறுப்பை நாற்பது ஆண்டுகள் வகித்தவர் காலித் அல் ஆசாத். எண்பதைத் தாண்டிய வயது. ஊரை விட்டுப் போகச் சொல்லியும் போகவில்லை. 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். அவரைப் பிடித்துவைத்து, பொது இடத்தில் தலையை வெட்டிக் கொன்றது.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

போரில் பண்பாட்டுச் சொத்தைத் தாக்கவோ கொள்ளையடிக்கவோ கூடாது என்பது 1954 ஹேக் உடன்படிக்கை. அமெரிக்கா அதில் முறைப்படி சேர்ந்தது 2009-ல், பிரிட்டன் 2017-ல். சட்டவிரோத ஏற்றுமதி இறக்குமதியைத் தடுப்பது 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை. கம்போடியா 1972-லும் இந்தியா 1977-லும் சேர்ந்தன. ஐ.நா. பாதுகாப்பு அவை 2015-ல் எடுத்த 2199-ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6-க்குப் பின் ஈராக்கிலிருந்தும் 2011 மார்ச் 15-க்குப் பின் சிரியாவிலிருந்தும் சட்டவிரோதமாக வெளியேறிய பொருள்களின் வியாபாரத்தைத் தடுக்க எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், பழம்பொருளை உள்ளே கொண்டுவருகிறவரே அது முறையாக வெளியேறியது என்று காட்ட வேண்டும்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. திருட்டு என்று ஏழை நாடு நிரூபிக்க வேண்டும் என்ற நிலை மாறி, நேர்மையானது என்று உள்ளே கொண்டுவருகிறவர் நிரூபிக்க வேண்டும் என்று ஆகிறது.

காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் நம்பி வாங்கலாமா?

காகிதமே பொய்யாக இருக்கலாம். மெட்ரோபாலிட்டன் 2017-ல் 40 லட்சம் டாலர் கொடுத்து பொன்முலாம் பூசிய எகிப்தியச் சவப்பெட்டி ஒன்றை வாங்கியது. 1971-ல் எகிப்து தந்ததாக ஏற்றுமதி அனுமதிச் சீட்டு இருந்தது. அது போலி, பெட்டி 2011 கிளர்ச்சியின்போது தோண்டித் திருடப்பட்டது. 2019-ல் திரும்பிப் போனது. கில்கமேஷ் காவியத்தின் ஒரு பகுதி எழுதிய களிமண் பலகையை ஹாபி லாபி என்ற அமெரிக்க நிறுவனம் 2014-ல் 16 லட்சம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கியது. 1981 ஏலத்தில் ஒரு பெட்டி வெண்கலத் துண்டுகளோடு கிடைத்தது என்று எழுதிய கடிதம் பொய் என்று தெரிந்து, 2021-ல் ஈராக்குக்குப் போனது. அதே நிறுவனத்துக்கு வந்த வேறு களிமண் பலகைகள் ‘பீங்கான் ஓடுகள்’ என்று சீட்டு ஒட்டி அனுப்பப்பட்டிருந்தன.

லண்டன், டொரண்டோ, சிட்னி என்று எங்கே இருந்தாலும், பழைய சாமி சிலையோ கல்வெட்டுத் துண்டோ வாங்கும் ஆசை வந்தால் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் அனுமதியோடு வெளியே வந்தது? ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரி பதில் ஆகாது. கணுக்காலில், கழுத்தில், பின்பக்கத்தில் புதிதாக அறுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மண் ஒட்டியபடியே விற்பதும் நல்ல அறிகுறி இல்லை. இணையத்தில் போர் நாட்டுப் பொருள் என்று காட்டுவதில் போலிகளும் ஏராளம். போலியை வாங்கினாலும் அந்தச் சந்தைக்குத்தான் தீனி.

நம் ஊர்க் கோயிலுக்கு இதிலிருந்து செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் இன்றைக்கே. ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்திலிருந்து 2014-ல் திரும்பி வந்ததற்குப் பெரிய காரணம், சிலை கோயிலில் இருந்தபோதே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்துவைத்த புகைப்படம். அது போர்க்களக் கொள்ளை இல்லை, ஆனால் சாட்சி அதே மாதிரிதான். படம் இல்லாத சிலைக்கு உரிமை கொண்டாடுவது எவ்வளவு கஷ்டம் என்று தமிழ்நாடு போலீஸின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவைக் கேட்டால் தெரியும்.

படம் என்றால் அலங்காரத்தோடு எடுத்த படம் உதவாது. பட்டும் மாலையும் கவசமும் இல்லாமல், கோயிலார் அனுமதியோடு, முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி எல்லாம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்தால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம் குறைபாடுகள்: மூக்கில் ஒரு சில்லு, திருவாசியில் விட்டுப்போன ஒரு சுடர், வார்ப்பில் விழுந்த ஒரு சிறு குழி. அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிலைகளை அவைதான் பிரித்துக் காட்டும். உயரம், அகலம், எடை, கல்லா உலோகமா, எழுத்து உண்டா என்பதை எழுதி, ஒரு படி கோயிலில், ஒரு படி ஊருக்கு வெளியே வையுங்கள். யாழ்ப்பாண நூலகத்தில் 1981-ல் எரிந்த ஓலைச்சுவடிகளில் பலவற்றுக்கு வேறெங்கும் படி இல்லை என்பதை மறக்க முடியவில்லை.

திரும்பி வந்த சிலைகளை ஏன் கோயிலில் வைக்காமல் அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள்?

கோ கேர் கோயில்களில் இன்று காவலும் கூரையும் போதாது. மறுபடி வெட்டுக்குப் போகும் பயம் இருக்கிறது. அதனால் புனோம் பென்னில் வைத்திருக்கிறார்கள். அங்கே கிராமத்து மக்கள் சிலை முன் பூ வைத்துக் கும்பிடுவதும் உண்டு.

ஏற்கெனவே வாங்கிய ஒரு பொருள்மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

முதலில், கைமாற்றி விடாதீர்கள். சந்தேகம் வந்த பிறகு விற்பதுதான் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கும். ரசீது, கடிதம், மின்னஞ்சல் எது இருந்தாலும் எடுத்துவையுங்கள். இன்டர்போல் 2021-ல் வெளியிட்ட ஐடி ஆர்ட் என்ற செயலியில் படம் எடுத்துத் தேடிப் பாருங்கள்; அதில் இல்லை என்பதால் பொருள் சுத்தம் என்று ஆகிவிடாது, தோண்டித் திருடியது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அப்புறம் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதலாம். இந்தியாவில் என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவையும் உண்டு. தொல்லியல் துறையையோ சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவையோ அணுகுங்கள்.

தாமாக முன்வருகிறவர்களை அரசுகள் பெரும்பாலும் கண்ணியமாகவே நடத்துகின்றன. நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிளார்க், லாட்ச்போர்ட் வழியாகச் சுமார் மூன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய 35 பொருள்களை, விசாரணை அதிகாரிகள் சான்றுகளைக் காட்டியதும் 2022 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டார். கோ கேரின் பெரிய பிள்ளையாரும் அவற்றில் ஒன்று. அந்த ஆகஸ்டிலேயே அது கம்போடியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.